கொரங்காட்டில் சூப்பர் நேப்பியர் வேண்டாம், கொழுக்கட்டைப் புல்லை மீட்டெடுங்கள்

வணக்கங்க. திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் 4 ஏக்கர் கொரங்காட்டில் (வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) புல் அற்றுப்போய்த் துத்தியும் ஆவாரையும்தான் நிற்கிறது, உழுதுவிட்டு சூப்பர் நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணை நடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நேப்பியருக்கு வாரம், பத்து நாளுக்கு ஒரு தண்ணீராவது வேண்டும், உங்களுடையது மானாவாரி, ஒரே கோடையில் கரணை காய்ந்துவிடும்.

முதலில் குனிந்து பாருங்கள். கருகிய தூர் விரலால் இழுத்தால் வராமல் கெட்டியாக இருந்தால் கொரங்காட்டின் மேய்ச்சல் புல்லான கொழுக்கட்டைப் புல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஒரு மழைக்குத் துளிர்க்கும். அந்த இடத்தில் ஏர் வைக்காதீர்கள். வெற்றிடத்தை மட்டும் மேலாகக் கீறி, புரட்டாசி மழைக்கு முன் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டை விதையை மணலோடு கலந்து தூவுங்கள், ஏனென்றால் விதை பஞ்சுபோல லேசு, காற்றில் போய்விடும். ஆழமாகப் புதைந்தாலும் முளைக்காது. அன்று அறுத்த விதையும் சரியாக முளைக்காது, ஆறு மாதமாவது பழையதாகப் பார்த்து வாங்குங்கள்.

கூடவே முயல் மசால் (பயறு வகைத் தீவனப் பயிர்) கட்டாயம் போடுங்கள். மாட்டுக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து. அதன் விதைத்தோல் கெட்டி என்பதால் விதையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் 3 நிமிடம் வைத்து, அப்புறம் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

முதல் வருடம் புல் பூத்து விதை உதிரும்வரை ஆடு மாடு உள்ளே போகவே கூடாது, இதில்தான் பலரும் தவறுகிறார்கள். பிறகு கிளுவை வேலியால் நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். வெள்வேல மரங்களை வெட்டிவிடாதீர்கள், கோடையில் அதன் நெற்றுதான் ஆட்டுக்குத் தீனி.