வாக்குப் போடாமல் விட்டால் பாவமா?

வணக்கம் அக்கா,
நான் முருங்கன் பக்கம். போன ஞாயிறு பூசையில் பாதர், வாக்களிப்பது கத்தோலிக்கரின் கடமை என்றார். 2009க்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. காணாமல் போன அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. இந்தமுறை வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அது பாவமா?
- வாசகி, மன்னார்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கோபம் நியாயமானது. அதை ஆற்றுவதற்காக நான் எழுதவில்லை.

பாவமா என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் கேளுங்கள். ஆனால் பாதர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2240ஆம் எண்ணில், வரி செலுத்துவதோடு சேர்த்து வாக்களிப்பதையும் கடமை என்கிறது. பொது நன்மைக்கு நாமும் பொறுப்பு என்பதுதான் அதற்குக் காரணம். யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனச்சாட்சிக்கு விட்டது. அதில் பாதரும் தலையிட முடியாது.

2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவில்லை. பலருக்கு அது அவர்களாக எடுத்த முடிவும் இல்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இரண்டு இலட்சம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு வன்னி பட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அம்மம்மா 2010இல், முகாமால் வந்த கொஞ்ச நாளில், பொல்லை ஊன்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வந்தார். வீடு தறப்பாள்தான். அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் புள்ளடி போட்டாராம். "ஆருக்கு அம்மம்மா?" என்று கேட்டேன். சொல்லவில்லை. மை பூசிய சின்ன விரலை வீடு வரும்வரை மடக்காமலே வைத்திருந்தார். எல்லாம் போன பிறகும், மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டிய ஒன்றாக அவருடைய வாக்கு இருந்ததே, அந்த மிடுக்கு அது.

வாக்குப் போட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். நம் மன்னார் முள்ளிக்குளத்துச் சனம் 2007இல் ஊரை இழந்து, 2017இல் தெருவில் நாட்கணக்காக இருந்த பிறகுதான், தான் வைத்திருந்த காணியில் ஒரு பகுதியை விடுவதாகக் கடற்படை ஒத்துக்கொண்டது. போராட்டமும் வேண்டும், அதை நாடாளுமன்றத்தில் பேச ஆளும் வேண்டும்.

சரி, ஒரு காரியம் செய்யுங்கள். செபமாலை சொல்லும்போது அண்ணனின் பெயரைச் சொல்வீர்கள்தானே? வாக்குக் கேட்டுப் படலையடிக்கு வருகிறவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். என்ன செய்வீர்கள் என்று நேரே கேளுங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்களுக்குப் போட விருப்பு வாக்கு மூன்று இருக்கிறது. முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாக்கே செல்லாது.

அன்புடன்,
அக்கா