நாட்டை பிளாக் பண்ணா பேக்கப்பும் நிக்குதே!

கேள்வி: எங்க ஆபீஸ் ஃபயர்வால்ல (நெட்வொர்க்குக்குள்ள வர்றதையும் போறதையும் வடிகட்டுற காவல்) தேவையில்லாத நாடுகளை எல்லாம் பிளாக் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் கிளவுட் பேக்கப் அப்பப்போ ஃபெயில் ஆகுது, ஒரு நாட்டை மட்டும் எடுத்துவிட்டா உடனே ஓடுது. அப்படியே விட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க. ஒரு பேக்கப்புக்காக ஒரு நாட்டையே உள்ள விடாதீங்க. ஒரு ஐபி (இன்டர்நெட் முகவரி) எந்த நாடுன்னு ஃபயர்வால் ஒரு டேட்டாபேஸைப் பார்த்துதான் முடிவு பண்ணுது, கிளவுட் கம்பெனிங்களோ ஐபியை இங்கயும் அங்கயும் மாத்திக்கிட்டே இருப்பாங்க, நேத்து ஒரு நாடுன்னு காட்டின சர்வர் இன்னிக்கு வேற நாடுன்னு காட்டும், அதான் "அப்பப்போ" ஃபெயில் ஆகுது.

முதல்ல லாக்ல எந்த ஐபி, எந்த போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் இருக்கற கதவு எண்), உள்ள வர்றதா வெளிய போறதான்னு பாருங்க. பேக்கப் பெரும்பாலும் வெளிய போற போர்ட் 443 (https) தான். அதுக்கு மட்டும் ஒரு அலவ் ரூல் போட்டு நாட்டு பிளாக்குக்கு மேல வைங்க, ஏன்னா நிறைய ஃபயர்வால் மேலருந்து படிச்சு முதல்ல பொருந்துற ரூலோட நிறுத்திடும். சில மாடல்ல நாட்டு பிளாக் தனியா முன்னாடியே ஓடும், அங்க அதோட விதிவிலக்கு லிஸ்ட்லதான் சேர்க்கணும்.

ஐபியை கையால டைப் பண்ணாதீங்க ப்ளீஸ். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணு பேருமே தங்களோட ஐபி லிஸ்ட் வெளியிடுறாங்க, ஃபயர்வாலே அதை அப்பப்போ இழுத்துக்கற மாதிரி வைங்க. ஆனா அமேசான் லிஸ்ட்டை முழுசா அலவ் பண்றது ரொம்ப ஆபத்து, அதே ரேஞ்சுல யார் வேணா சர்வர் வாடகைக்கு எடுக்கலாம், உங்களை அட்டாக் பண்றவனும்தான். அந்த ஃபைல்லயே சர்வீஸ், ரீஜன் பிரிச்சு இருக்கு, உங்களுக்கு வேணுங்கறதை மட்டும் எடுங்க, உள்ள வர்ற பக்கம் அந்த லிஸ்ட்டை அலவ் பண்ணவே பண்ணாதீங்க.

கேள்வி: லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமா வெப்சைட் சர்டிபிகேட் தர்ற அமைப்பு) சர்டிபிகேட்டும் ரினியூ ஆகல. அவங்க ஐபி லிஸ்ட் எங்க கிடைக்கும்?

பதில்: கிடைக்காதுங்க, அவங்க வேணும்னேதான் தர்றதில்ல. 2020ல இருந்து உலகத்துல பல இடத்துலருந்து ஒரே நேரத்துல டொமைன் உங்களோடதுதானான்னு செக் பண்றாங்க, ஒரு இடத்தை மட்டும் ஏமாத்தி சர்டிபிகேட் வாங்கிடக் கூடாதுன்னு. அதனால போர்ட் 80 வழி செக்கை விட்டுட்டு டிஎன்எஸ் (வெப்சைட் பேருக்கு ஐபி சொல்ற சிஸ்டம்) முறைக்கு மாறுங்க, டிஎன்எஸ்ல ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்ட் போட்டா போதும், உங்க வெப் சர்வர் பக்கம் யாரும் வரத் தேவையில்ல. டிஎன்எஸ் சர்வரும் இதே ஃபயர்வாலுக்குப் பின்னாடி இருந்தா மட்டும் அங்க போர்ட் 53ஐ எல்லா நாட்டுக்கும் திறந்தாகணும்.