தமிழ் எழுத்து மோல்ட் எங்கே எடுக்கலாம்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: ரெசினில் (ஊற்றினால் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிற திரவம்) பெயர் போட்ட கீ டேக் செய்து விற்க ஆசை, ஆனால் கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி வரை கடை கடையாக ஏறி இறங்கியும் அதை ஊற்றுகிற சிலிக்கோன் மோல்ட் (அச்சு) இல்லை, ஒன்லைனில் எடுத்ததோ பார்சலைப் பிரித்தால் ஒவ்வொரு எழுத்தும் சின்னவிரல் நகம் அளவு, அதுவும் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்து மோல்ட் எங்கே கிடைக்கும்?

தங்கச்சி, கடையில் கேட்கும் சொல்லை முதலில் மாற்றுங்கள். ஹாட்வெயார் கடையில் போய் ரெசின் மோல்ட் என்று கேட்டால் கையைத்தான் விரிப்பார்கள். கேக் சாமான் விற்கிற கடையில் ஃபொண்டன்ட் மோல்ட், சோப் மோல்ட், சொக்லேட் மோல்ட் என்று கேளுங்கள், சிலிக்கோனில் செய்ததாக இருந்தால் அதுவே போதும். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படிக் கடைகள் இருக்கின்றன, கொழும்புக்குப் போகிற ஆள் இருந்தால் புறக்கோட்டையில் தேடச் சொல்லலாம். ஒரு தடவை ரெசின் ஊற்றிய மோல்ட்டை மட்டும் திரும்பக் குசினிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதில் கேக்கும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

வாங்கும்போது மோல்ட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கினால் சாமானும் மினுங்கும், மங்கலாக இருந்தால் நீங்கள் என்ன விலை ரெசின் ஊற்றினாலும் மங்கலாகத்தான் வரும், ஏனென்றால் ரெசின் அந்தத் தோலை அப்படியே நகல் எடுக்கும். யூவி லைட் வெளிச்சத்தில் இறுகுகிற யூவி ரெசின் பாவிப்பதானால் வெளிச்சம் ஊடுருவுகிற நிறமில்லாத மோல்ட் வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் இறுகாமல் பிசுபிசுக்கும். ஒன்லைனில் படத்தை நம்பாமல் மில்லிமீற்றர் கணக்கைப் பார்த்து, அந்த அளவை ஒரு கடதாசியில் கீறி, உங்கள் திறப்புக் கோர்வைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓர்டர் போடுங்கள். நானும் ஒருமுறை கோஸ்டர் (தேத்தண்ணிக் கப்புக்குக் கீழே வைக்கிற தட்டு) மோல்ட் என்று நினைத்து எடுத்தது சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசாக வந்தது.

சரி, தமிழ் எழுத்து. கடையில் ரெடிமேட்டாக எதிர்பார்க்காதீர்கள், உண்மையில் அது உங்களுக்குத் தேவையும் இல்லை. தமிழில் கொம்பும் விசிறியும் புள்ளியுமாக எழுத்து 247, வருகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெயர், பெயருக்கொரு மோல்ட் என்று போனால் கைக்காசுதான் கரையும். வெறும் நீள்சதுரம் ஒன்று, வட்டம் ஒன்று, நல்ல மினுக்கமான மோல்ட்டாக எடுங்கள். பாதி உயரத்துக்கு ரெசின் ஊற்றி, அது இறுகி ஒட்டும் பதத்துக்கு வந்ததும் ஸ்டிக்கர் கடையில் வெட்டிய வைனல் பெயரை வைத்து, மேலே இன்னொரு ஊற்று. இவ்வளவுதான் வேலை.

ஆனாலும் எழுத்து வடிவிலேயே வேண்டும் என்று கேட்பவர்களுக்காக அடிக்கடி வருகிற ஐந்தாறு முதலெழுத்துக்கு மோல்ட்டை நீங்களே செய்யலாம். பெயர்ப்பலகைக் கடையில் 5 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில் எழுத்தை வெட்டுவித்து, வழுவழுப்பான டைல் ஒன்றில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். சுப்பர் குளூ வேண்டாம், சில சிலிக்கோன் அது பட்ட இடத்தில் இறுகாமல் நிற்கும். இறப்பர் கையுறையும் அப்படித்தான். சுற்றிவர வேலி கட்டி, இரண்டு பாகமாக வருகிற மோல்ட் சிலிக்கோனை டப்பாவில் போட்ட விகிதப்படி கலந்து (சிலது சமபங்கு, சிலதுக்கு 100 கிராமுக்கு ஒருசில கிராம் ஹாட்னர் (இறுக வைக்கிற பாகம்)தான், ஆகவே தராசு கட்டாயம்), ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி மெல்ல ஊற்றுங்கள், குமிழி தானாக உடையும். எழுத்துக்கு மேலே இன்னும் ஒரு சென்ரிமீற்றராவது சிலிக்கோன் நிற்க வேண்டும்.

எழுத்தின் முகம் மேலே பார்க்க ஒட்டினால் மோல்ட்டுக்குள் அது கண்ணாடியில் பார்த்தது மாதிரித் திரும்பியிருக்கும், பயப்படாதீர்கள், ரெசின் வெளியே வரும்போது நேராகிவிடும். மோல்ட்டுக்குள்ளேயே நேராகத் தெரிகிற எழுத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதில் மினுக்கமான பக்கம் இடம் வலம் மாறி வந்து சேரும். ப மாதிரி இடமும் வலமும் ஒன்றாக இருக்கிற எழுத்துக்கு மட்டும் அந்தக் கவலையில்லை.

இன்னொன்று, எங்கள் வெயிலில் மத்தியானம் எப்பொக்சி (ஹாட்னர் கலந்து இறுக வைக்கிற ரெசின்) கலக்காதீர்கள், கப்பிலேயே சூடேறி இறுகிவிடும், விடியப்புறம் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மேலே வெள்ளைப் பூச்சு மாதிரிப் படியும், அந்த நாட்களில் மோல்ட் மட்டும் செய்து வையுங்கள்.