கால் முழுக்கச் செதில், ராத்திரி முழுக்க அரிப்பு

கேள்வி: அக்கா, எழுபது வயது தாண்டிய என் மாமியார் ஜூன் மாதம் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரிகிறது. ராத்திரியில் சொறிந்து ரத்தமே வருகிறது. சுடச்சுடக் குளித்தால்தான் அரிப்பு அடங்குகிறதாம். அக்வஸ் கிரீம் டப்பா டப்பாவாகத் தடவியும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு மருமகள், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பதில்: தங்கச்சி, அத்தைக்கு ஊர் மாறியதுதான் பெரும்பாலும் காரணம். டர்பன் கடலோரம், குளிர்காலத்திலும் காற்றில் ஈரம் இருக்கும். நீங்கள் இருப்பது 1,500 மீட்டருக்கும் மேலே. தென்னாப்பிரிக்காவின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை அபூர்வம். அந்த வறண்ட காற்றை ஹீட்டர் இன்னும் வறட்டுகிறது. வயதானால் தோலில் எண்ணெய்ப் பசையும் குறைந்துவிடும்.

முதலில் வெந்நீரை நிறுத்துங்கள். அரிப்பு அப்போதைக்கு அடங்கும், ஆனால் மிச்சமிருக்கும் பசையையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளியல் முடியட்டும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போதும். கடலைமாவு வேண்டவே வேண்டாம்.

தோல் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் நான் வாய் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்போது தடவுகிறோம் என்பது முக்கியம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், வாசலின் தடவிவிடுங்கள். உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழே நீவ வேண்டும். லோஷனில் பெரும்பங்கு தண்ணீர்தான், இந்தக் குளிருக்கு அது தாங்காது. தேங்காய் எண்ணெய் பழகியவர் என்றால் அதுவும் சரி. உங்கள் ஊர்க் குளிரில் உறைந்து கிடக்கும், பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை தடவுங்கள்.

அக்வஸ் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் (சோப்பு மாதிரி பசையைக் கழுவியெடுக்கும் ரசாயனம்) என்று இருந்தால் அதைச் சோப்புக்குப் பதிலாகப் போட்டுக் கழுவிவிடலாம், தோலில் விட்டுவைக்க வேண்டாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இலேயே இது சிலருக்கு, முக்கியமாக எக்சிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சல் தரும் என்று எச்சரித்தது.

இரண்டு விஷயத்தில் கவனம். இந்தக் களிம்புகள் ஊறிய துணியில் நெருப்புப் பட்டால் மளமளவென்று பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், சாமி விளக்கேற்றும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், களிம்புக் காலோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். சாக்ஸ் போட்டுவிட்டாலும் அடிப்பக்கம் பிடிப்புள்ளதாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டில் கொடுக்கும் ஸ்டீராய்டு கிரீமை வாங்கித் தடவாதீர்கள். வயதானவர் தோல் ஏற்கெனவே மெலிசு. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம், ஈரல், தைராய்டு எதில் கோளாறு இருந்தாலும் உடம்பு அரிக்கும். சொறிந்த இடம் சிவந்து சுட்டாலோ, சீழ் வைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. குதிகாலில் ஆழமான வெடிப்பு. பிளேடால் செதுக்கிவிட்டு மெழுகு உருக்கி ஊற்றுகிறார். சரியா?
- மகன், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தம்பி, பிளேடை இன்றைக்கே எடுத்து ஒளித்துவையுங்கள், மெழுகையும்தான். சர்க்கரைக்காரர்கள் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெட்டினாலும் சுட்டாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். வெடிப்பு ஆழமாக இருக்கிறது என்கிறீர்கள், அதனால் இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். புண் ஆறிய பிறகு 10 சதவீத யூரியா கிரீம் ராத்திரியில் குதிகாலுக்குத் தடவலாம். திறந்த புண்ணில் பட்டால் எரியும். விரலிடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். அவரால் குனிந்து சரியாகப் பார்க்க முடியாமல் போகலாம், தினமும் சாயங்காலம் நீங்களே இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.