இரண்டு இடத்தில் இரண்டு ரிசல்ட்: காது டெஸ்ட் மெஷினை நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குளச்சலில் என்ஜின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். காது மந்தமாக இருக்கிறது என்று நாகர்கோவிலில் ஓரிடத்தில் டெஸ்ட் எடுத்தோம். வலது காது 45, இடது 50 டெசிபல் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து மார்த்தாண்டத்தில் எடுத்தால் வலது 45, இடது 65. மெஷின் கோளாறா? அதை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் அவசரமான விஷயம். இந்த இரண்டு வாரத்தில் அப்பாவுக்கு இடது காது திடீரென்று அடைத்துக்கொண்டதா, இரைச்சலோ தலைசுற்றலோ வந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் மெஷினை மறந்துவிட்டு இன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று கேட்காமல் போகும் நோய்க்கு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையா? சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். டெசிபல் என்பது எவ்வளவு சத்தம் வைத்தால் காதுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்ற அளவு; எண் கூடினால் குறை அதிகம். 5 டெசிபல் கூடுவதும் குறைவதும் சகஜம். ஒரே மெஷினில் ஒரே நாளில் எடுத்தாலும் வரும். 15 என்பது அப்படி விடக்கூடியதல்ல. அதுவும் வலது காது இரண்டு இடத்திலும் ஒத்துப்போக, இடது மட்டும் விலகியிருக்கிறது. ஒன்று, அந்தக் காதில் குறும்பி அடைத்திருக்கலாம். இல்லையென்றால் எனக்கு முதல் சந்தேகம் ஹெட்போன் மேல்தான். ஆடியோமீட்டர் என்னும் டெஸ்ட் மெஷின் பெட்டியைவிட ஹெட்போன் வயர்தான் சீக்கிரம் கெடும். தினமும் இழுபட்டு உள்ளே கம்பி அறுந்து, விட்டுவிட்டுச் சத்தம் வரும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பிளக் முனை களிம்பு பிடிப்பதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. மாற்றி மாட்டி இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். குறை அதே இடது காதிலேயே நின்றால் அது காதின் குறை. வலது காதுக்கு மாறினால் ஹெட்போனின் குறை.

நல்ல டெஸ்ட் அறையில் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்பே ஆடியாலஜிஸ்ட் (காது டெஸ்ட் எடுக்கும் நிபுணர்) ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொள்வார். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியையும் கேட்பார், வயரை ஆட்டிக் கரகரப்பு வருகிறதா என்று பார்ப்பார், காதுக்குப் பின் எலும்பில் வைக்கும் அதிர்வியையும், நோயாளி அழுத்தும் பட்டனையும் சோதிப்பார். தனக்குக் கேட்கும் அளவு அவருக்குத் தெரியும் என்பதால் மாறினால் உடனே பிடிபடும். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாத இடத்தில் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

அதற்காக ஆண்டுக்கொரு முறை செய்யும் காலிபரேஷன் வேண்டாம் என்றில்லை. ஹெட்போனிலிருந்து வரும் ஒலியைக் கருவி வைத்து அளந்து திருத்துவது அது. பெட்டியில் தேதி ஒட்டியிருப்பார்கள், தயங்காமல் கேட்டுப் பாருங்கள். ஹெட்போனையும் அந்தப் பெட்டியோடு சேர்த்துத்தான் அளப்பார்கள். பழையது உடைந்து வேறொன்றை மாட்டியிருந்தால் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை.

அறையையும் கவனியுங்கள். ஃபேன் ஓட, வெளியே பஸ் ஹாரன் கேட்க எடுத்த டெஸ்டில் 250, 500 ஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த ஒலிப் பகுதி உள்ளதைவிட மோசமாகக் காட்டும். இரண்டு ரிப்போர்ட்டிலும் உள்ள வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் அந்த இடத்தில் மட்டும்தானா என்று பாருங்கள்.

அப்புறம், மார்த்தாண்டத்துக்குப் போன அன்று அப்பா கடலிலிருந்து கரையேறிய கையோடு வந்தாரா? என்ஜின் சத்தத்தில் இருந்த காது சில மணி நேரம் மரத்துப்போய்த்தான் இருக்கும். டெஸ்டுக்கு முன் 16 மணி நேரமாவது அமைதி வேண்டும். எனவே குறும்பியை எடுத்துவிட்டு, தொழிலுக்குப் போகாத ஒரு நாளில் மூன்றாவது டெஸ்ட் எடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். பழைய இரண்டு ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அதுவரை காதில் மாட்டும் மெஷின் (ஹியரிங் எய்ட்) வாங்க வேண்டாம். 65 என்று நம்பி இடது காதுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தால், இருக்கும் கேட்கும் திறனுக்கும் கேடு வரலாம்.