35 வயதில் முதல் பைக்: எத்தனை சிசி வாங்கலாம்?

இதுவரை பைக்கே ஓட்டியதில்லை, மன்னார்குடியிலிருந்து தினமும் தஞ்சாவூர் போய்வர 350 சிசி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாங்க. 100 அல்லது 125 சிசி போதும். சிசியைவிட எடையைப் பாருங்கள். 100 சிசி வண்டியான ஹீரோ ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, 350 சிசி வண்டியான ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வாய்க்கால் கரையில் எதிரே டிராக்டர் வந்து, ஓரம்கட்டி ஒரு காலை ஊன்றும்போதுதான் தெரியும். மழையில் ஊறிய நம்ம களிமண்ணில் செருப்பு வழுக்கும். சாயத் தொடங்கிய கனமான வண்டியைப் புதியவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன்மேல் பிரேக் அடித்தால் டயர் பிடிக்காது, தயவுசெய்து கவனம்.

டெல்டா சமதரை, ஏற்றத்துக்கென்று பெரிய இன்ஜின் தேவையில்லை.

ஷோரூமில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பாதமும் தரையில் படியணும். அப்புறம் இறங்கி, வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். தடுமாறினால் அது உங்களுக்கான வண்டி இல்லை.

பின்னால் எப்போதும் ஆள் உட்காருவார் என்றால் 150, 160 சிசியும் சரிதான். 125க்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 முதல் ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு கட்டாயம். ஈர ரோட்டில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் அது காப்பாற்றும்.