சோற்றை விட்டால் ஊசியை விடலாமா?

சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வயது 44. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். இனிப்புநீர் என்று இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனேன். இப்போது காட் (GAD) எதிர்ப்பான் என்ற இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, இது முதல் வகை என்று இரவில் இன்சுலின் ஊசி போடச் சொல்கிறார்கள். சோற்றை அடியோடு விட்டால் ஊசியை நிறுத்தலாமா?"

கூடாது, சகோதரி. சோறு சாப்பிட்டதால் வந்த நோயல்ல இது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. இரத்தத்தில் காட் எதிர்ப்பான் இருப்பது அதற்கு அடையாளம். நடுவயதில் அந்த அழிவு மெதுவாக நடப்பதால், தொடக்கத்தில் மாத்திரையே போதும்போலத் தெரியும். இரண்டாம் வகை என்றே பலருக்கும் முதலில் சொல்லிவிடுகிறார்கள். பட்டினி கிடந்தாலும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். அது அற்றுப்போனால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். பாகற்காய்ச் சாறு இன்சுலினுக்கு ஈடாகாது.

சோற்றை விடவும் வேண்டாம், அளந்து சாப்பிடுங்கள். சீனக் கடைகளில் சோறு போடும் சிறு கிண்ணம் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். காலையில் ஒன்றுமில்லை, மதியம் மூன்று கிண்ணம் என்றிருந்தால் எந்த மருத்துவராலும் ஊசி அளவைச் சரியாகச் சொல்ல முடியாது. தினமும் அதே வேளை, அதே அளவு. கீரை, மீன், முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறையும். ரொட்டி சானாயும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். கறியில் உருளைக்கிழங்கு கிடந்தால் அதுவும். பலர் கணக்கில் சேர்க்காதது தே தாரிக் என்ற பால் தேநீரை. இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பாலிலேயே 20 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிவிடுங்கள்.

உங்கள் வேலையை நினைத்தால்தான் எனக்குக் கவலை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போகாதீர்கள். வெயிலில் குனிந்து நிமிரும் வேலை சீனியை வேகமாக இறக்கும். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் வேலையை விட்டு உட்கார்ந்து இரத்தச் சீனியைச் சோதியுங்கள். லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கருவி கையில் இல்லையென்றால் சோதனைக்குக் காத்திராமல் குடித்துவிடுங்கள். சீனிப் பொட்டலம் உங்கள் பையில் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் வேலை செய்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, மூச்சு வாங்கினால், சாப்பிடாத நாளாக இருந்தாலும் ஊசியை விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.